பஸ் ஸ்டாண்ட் ஆடிப்பெருக்கு ஓவியம்: அழிப்பதா, பெயர்ப்பதா, திரும்ப வரைவதா?

எங்கள் ஊர் பழைய பஸ் ஸ்டாண்டின் மேற்குச் சுவரில் இருக்கும் ஆடிப்பெருக்கு ஓவியத்தை நகராட்சி அழித்து வெள்ளையடிக்கப் போகிறது என்று செய்தி கிளம்பியதிலிருந்து டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. சுவரில் கை வைத்தால் மறியல் என்கிறது ஒரு கூட்டம். பெயர்த்தெடுத்து மியூசியத்தில் வைக்கலாமே என்கிறார் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். பழசு போகட்டும், பளிச்சென்று புதுசாக ஒன்று வரைந்துகொள்ளலாம் என்பது கவுன்சிலர் பக்கத்து ஆட்களின் கட்சி. கோர்ட்டுக்குப் போகலாம் என்பவர்களும் உண்டு, அவர்களில் யாரும் வக்கீல் ஃபீஸைப் பற்றி வாய் திறப்பதில்லை. நான் அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெயிண்ட் கடை வைத்திருப்பவன். எந்த முடிவு எடுத்தாலும் எனக்கு நாலு டப்பா விற்கும், அதனால் என்னை நடுநிலையாளன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சுவரைப் பற்றி, பார்க்காதவர்களுக்காக. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஊர், அவ்வளவு போதும். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால், வியாபாரிகள் பணம் போட்டு, நகராட்சி வாய்மொழியாகச் சரி சொல்லி, சினிமா பேனரும் கடை போர்டும் எழுதிக்கொண்டிருந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணன் வரைந்தது. படித்துறையில் பெண்கள் காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் வைத்துப் படைக்கிறார்கள், பொடியன்கள் சப்பரம் இழுத்து வருகிறார்கள், ஒரு கிழவி சின்னப் பெண்ணுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிடுகிறாள். இதில் என்ன அதிசயம், காலண்டரிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் கிழவியின் முகம் அப்போது பஸ் ஸ்டாண்டில் பூ விற்ற ஆச்சியின் முகம். சப்பரப் பையன்களில் ஒருத்தன் இன்றைக்கு மினி பஸ் ஓட்டுகிறான், வண்டியைச் சுவர் ஓரமாக நிறுத்தும்போதெல்லாம் யாராவது அவனைக் கிண்டல் பண்ணாமல் விடுவதில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது தண்ணீர். காவியும் மண்ணும் கலந்த நிறம், படிக்கட்டு ஓரத்தில் மட்டும் அழுக்கு வெள்ளையில் நுரை, நீலம் என்பது மருந்துக்கும் கிடையாது. மேட்டூரில் திறந்த புதுத்தண்ணீர் ஊருக்கு வந்து சேர்வதை நேரில் பார்த்தவனுக்குத்தான் காவிரியை அந்த நிறத்தில் வரையத் தோன்றும்.

இன்னொரு சாமர்த்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் சூரியன் கிடையாது, தாமரை கிடையாது, இலை என்றால் வாழை இலை, அதுவும் முழுசாக. தேர்தல் அறிவிப்பு வந்தால் பஸ் ஸ்டாண்ட் மாதிரிப் பொது இடங்களில் கட்சி விளம்பரங்களை 48 மணி நேரத்துக்குள் அழித்தாக வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. சுண்ணாம்பு வாளியோடு வரும் ஆளுக்கு எது ஓவியம், எது சின்னம் என்று ஆராய நேரம் இருக்காது. எத்தனையோ தேர்தலைத் தாண்டி அந்தச் சுவர் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, நகராட்சி சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. சுவரின் கீழ் மூன்றடி அழுகிவிட்டது. டெல்டாவில் செங்கல் கட்டடம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், தரையிலிருந்து ஓதம் ஏறும், ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும், காயும்போது அந்த உப்பு வெளியே பூக்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டே சமாளித்துவிடும். இந்த ஓவியம் எனாமலில் வரைந்தது. எனாமல் சுவரின் வாயை அடைத்துவிடும், ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போட்டு, அப்புறம் பூச்சோடு சேர்ந்து பிட்டுக்கொண்டு விழும். பெண்களின் கால், படிக்கட்டின் கீழ்வரிசை, சப்பரத்தின் சக்கரம் எல்லாம் அப்படிப் போனவைதான். போதாக்குறைக்கு அந்த மூலையில் நம் ஆண்கள் ஒதுங்கும் பழக்கம் வேறு. மேல் பாதியில் வேறு கதை: ரோஸும் எலுமிச்சை மஞ்சளும் வெயிலில் வெளுத்துவிட்டன, ஆனால் காவி நிறம் இரும்புத் துரு வகைச் சாயம், வெயிலுக்கு அசையாது. அதனால் புடவைகள் மங்கிப்போய் ஆறு மட்டும் நேற்று வரைந்த மாதிரி இருக்கிறது.

இப்போது வழிகளைப் பார்ப்போம். "யாரும் தொடாதே" என்பதுதான் கேட்க நன்றாக இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 2006-இல் பாங்க்ஸி என்ற முகம் காட்டாத ஓவியர் கட்டடச் சுவர் ஒன்றில், ஜன்னலுக்கு வெளியே துணியில்லாமல் தொங்கும் கள்ளக்காதலன் படத்தை வரைந்துவிட்டுப் போனார். மாநகராட்சி ஆபீசுக்கு எதிரிலேயே. விதிப்படி அழித்திருக்க வேண்டும். அவர்கள் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், சொன்னவர்களில் 97 சதவீதம் பேர் இருக்கட்டும் என்றார்கள், படம் பிழைத்தது. ஆனால் அழிக்காமல் விட்டால் மட்டும் ஓவியம் காப்பாற்றப்பட்டது ஆகாது. மெல்போர்னில் இதே பாங்க்ஸியின் முக்குளிப்பவர் படம் ஒன்றுக்கு மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2008 டிசம்பரில் எவனோ ஒருவன் அந்தத் தகட்டுக்குப் பின்னால் வெள்ளிப் பெயிண்டை ஊற்றிவிட்டுப் போய்விட்டான். எங்கள் ஊரில் ஊற்ற ஆள்கூட வேண்டாம். தகடு போட்டால் உள்ளே அடைபட்ட ஈரத்திலேயே ஒரு ஐப்பசிக்குள் பாசி பிடித்துவிடும். சும்மா விட்டாலும் உப்பு ஏறுவது நிற்காது, இன்றைக்கு மூன்றடியில் இருப்பது அடுத்து கிழவியின் கையைத் தொடும். மறியல் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் என்னை நகராட்சி ஆள் என்கிறார்கள்.

அழித்துப் புதிதாக வரைவது என்ற கட்சிக்கு வருவோம். இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. புது ஓவியம் போட்ட சுவரில் போஸ்டர் ஒட்ட நம் ஆட்களுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் சென்னையில் ஆரம்பித்து எல்லா ஊரிலும் மேம்பாலத்துக்கு அடியில் படம் வரைகிறார்கள். நல்ல கை கிடைத்தால் விளைவும் நன்றாக இருக்கும். சென்னை கண்ணகி நகரில் 2020-இல் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்த பிறகு, அந்தப் பேரைக் கேட்டாலே முகம் சுளித்த சென்னைக்காரர்கள் கேமராவோடு போனார்கள். ஆனால் அங்கே ஓவியர்களைத் தேடிக் கூட்டிவந்து சுவரை ஒப்படைத்தார்கள். நம் ஊரில் என்ன நடக்கும்? ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள், சதுர அடிக்கு யார் குறைவாகப் போடுகிறாரோ அவருக்குப் போகும். அவர் செல்போனில் வைத்திருக்கும் பத்துப் படத்திலிருந்து ஒரு பரதநாட்டியம், ஒரு ஜல்லிக்கட்டு, மரம் வளர்ப்போம், மழைநீர் சேகரிப்போம். காவிரி வரைந்தால் நீலத்தில்தான் வரைவார். விழுப்புரத்திலும் பார்க்கலாம், விருதுநகரிலும் பார்க்கலாம், அதே மயில்.

அதைவிட முக்கியமாக, அழித்துவிட்டுக் கைபிசைந்த நகராட்சிகளின் கதை நிறைய இருக்கிறது. 2010-இல் மெல்போர்னில் சந்து ஒன்றைச் சுத்தம் செய்யப் போன துப்புரவுப் பணியாளர்கள் பாங்க்ஸியின் பாராசூட்டில் இறங்கும் எலி படத்தின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், அது யார் வரைந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. 2014-இல் இங்கிலாந்தின் கிளாக்டன் என்ற கடலோர ஊரில் இன்னும் கேவலம். சாம்பல் புறாக்கள் சில, வேறு நிறப் பறவை ஒன்றைப் பார்த்து "வந்தேறிகளுக்கு இடமில்லை" என்று அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிற படம். இனவெறியைக் கிண்டல் செய்யத்தான் வரைந்தார்கள், ஆனால் இனவெறிப் படம் என்று புகார் வந்ததும் நகராட்சி துடைத்துவிட்டது. பிறகுதான் வரைந்தவர் பாங்க்ஸி என்று தெரிந்தது. அதற்கப்புறம், பொருத்தமாக வேறு ஏதாவது வரைந்து கொடுத்தால் சந்தோஷம் என்று அறிவித்தார்களே பார்க்கணும்! ஒரே நாடு, பிரிஸ்டல் கேட்டுவிட்டு முடிவெடுத்தது, கிளாக்டன் முடிவெடுத்துவிட்டுத் தெரிந்துகொண்டது.

மேலே வெள்ளையடித்தாலும் அடியில் ஓவியம் இருக்கத்தானே போகிறது, பின்னால் எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு தம்பி கேட்டான். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். லாஸ் ஏஞ்சல்ஸில் சிக்கீரோஸ் என்ற மெக்சிகோ ஓவியர் 1932-இல் வரைந்த பெரிய சுவரோவியத்தைக் கொஞ்ச காலத்திலேயே வெள்ளையடித்து மூடினார்கள், அதைத் திரும்ப வெளியே கொண்டுவந்து மக்கள் பார்வைக்குத் திறந்தது 2012-இல். எண்பது வருஷம், பின்னால் பெரிய அறக்கட்டளைப் பணம். நம் சுவரில் வெள்ளையடிக்க வருகிறவர் முதலில் இரும்புச் சுரண்டியால் பழைய பெயிண்டைச் சுரண்டுவார், அப்புறம் பட்டி பார்ப்பார், அதற்கு மேல் பிரைமர். அடியில் ஒன்றும் மிஞ்சாது.

பெயர்த்தெடுப்பது என்ற வாத்தியார் யோசனைக்கு ஊரில் மரியாதை அதிகம், காரணம் நம் பக்கத்திலேயே அதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி உள்ளே போய்ப் பார்த்தபோது, நாயக்கர் காலத்து ஓவியம் உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து சோழர் ஓவியம் எட்டிப் பார்த்தது. பிற்காலத்தில் தொல்லியல் துறைக்காரர்கள் மேலே இருந்த நாயக்கர் ஓவியங்களை அந்த மெல்லிய பூச்சோடு சேர்த்து உரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஒட்டி, கோயில் வளாகத்திலேயே தனியாக வைத்தார்கள். அடியில் சோழர், வெளியே நாயக்கர், இரண்டும் பிழைத்தன. தஞ்சாவூர் போகிறவர்கள் நந்தியோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் அது சுண்ணாம்புப் பூச்சின் மேல் இருந்த சுண்ணாம்புப் பூச்சு, அடுக்கு அடுக்காகப் பிரியும். நம்முடையது சிமெண்டுப் பூச்சில் எனாமல். உரித்தால் சுருண்டுகொண்டு வரும், இல்லாவிட்டால் வரவே வராது. செங்கல்லோடு சேர்த்துச் சுவரையே துண்டு போட்டு அறுக்கலாம், வெளிநாட்டில் செய்கிறார்கள், பெரும்பாலும் விற்பதற்காக. அறுத்து எங்கே வைப்பது? நகராட்சி குடோனிலா? பழைய குப்பை வண்டிக்கும் உடைந்த தெருவிளக்குக்கும் பக்கத்தில் சாய்த்து வைத்தால் ஒரே மழைக்காலம் போதும். இன்னொன்று, ஆச்சி முகம் பஸ் ஸ்டாண்டில் இருந்தால்தான் ஆச்சி. இத்தாலியில் ப்ளூ என்ற ஓவியர் இந்த விஷயத்தில் ரொம்பக் கறாரானவர். பொலோன்யா நகரத்தில் தெரு ஓவியங்களைச் சுவரிலிருந்து எடுத்து மியூசியத்தில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள் என்றதும், 2016 மார்ச்சில் அந்த ஊரில் பல வருஷமாகத் தான் வரைந்த படங்களையெல்லாம் தானே சாம்பல் நிறம் பூசி அழித்துவிட்டார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் அவர் கோபம் புரிகிறது.

கோர்ட் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புராதனச் சின்னம் என்று காப்பாற்ற வேண்டுமானால் 1958-ஆம் வருஷச் சட்டப்படி குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும், நம் சுவருக்கு ஆகவில்லை. இன்னொரு கதவு பதிப்புரிமை (காபிரைட்) சட்டத்தின் 57-ஆவது பிரிவு. படைப்பை விற்றுவிட்டாலும் அதைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் உண்டாக்கினால் கேள்வி கேட்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிடுங்கி ஸ்டோரில் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுத்து, மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. எப்போது தெரியுமா? 2005-இல். அதே நீதிமன்றம் 2019-இல், பிரகதி மைதானத்தில் இடித்துத் தள்ளிய கட்டடத்துக்காக ராஜ் ரேவல் என்ற கட்டடக் கலைஞர் போட்ட வழக்கில், இடிக்காதே என்று சொந்தக்காரரைத் தடுக்க வடிவமைத்தவருக்கு உரிமை இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில்தான் இது கொஞ்சம் பெரிய காசாக மாறியது. நியூயார்க்கில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்று ஒரு பழைய ஆலைக் கட்டடம், முழுக்க ஓவியம். 2013 நவம்பரில் உரிமையாளர் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்தார், 2018-இல் நீதிபதி 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார். பெயர்க்கக்கூடிய ஓவியம் என்றால் 90 நாள் முன்னறிவிப்பு கொடு என்பது அங்கே சட்டம். ஓவியர்களுக்குப் பணம் வந்தது, ஓவியம் வரவில்லை.

மிச்சம் இருப்பது, திரும்ப வரைவது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இதிலும் பயம் இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் ஊர்க் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறோம், யாரும் பழைய கோபுரம் போச்சே என்று அழுவதில்லை. அதே உற்சாகத்தில் மண்டபத்து விதானத்தில் இருந்த பழைய ஓவியங்களின் மேல் பளபளவென்று பெயிண்ட் அடித்து நாசமாக்கியதும் நாம்தான். திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் கதை ஓவியங்களை அப்படி யாரும் "புதுப்பிக்காமல்", இருந்ததைச் சுத்தம் செய்து நிலைநிறுத்தியதால்தான் இன்றைக்குப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் தமிழைக்கூடப் படிக்க முடிகிறது. மெல்போர்னில் கீத் ஹாரிங் என்ற அமெரிக்க ஓவியர் 1984-இல் பள்ளிக்கூடச் சுவரில் வரைந்த படத்துக்கும் இதே சண்டைதான்: வெளுத்துவிட்டது, மேலே திரும்ப வரையலாம் என்று ஒரு கட்சி, அவர் கோடு அவர் கோடுதான், தொடாதே என்று ஒரு கட்சி. ஹாரிங் 1990-லேயே இறந்துவிட்டார், வரைய வேண்டுமானால் வேறு யாராவதுதான் வரைய வேண்டும். கடைசியில் 2013-இல் இருந்ததையே பக்குவமாகச் சுத்தம் செய்து நிறுத்தினார்கள். சரியான முடிவு.

நம் சங்கதி வேறு, ஏனென்றால் வரைந்தவர் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்து தொழில் படுத்ததிலிருந்து கோயில் வாகனங்களுக்கு வண்ணம் பூசுகிறார், நம்பர் பிளேட் எழுதுகிறார், பிரஷ் வாங்க என் கடைக்குத்தான் வருவார். இத்தனை பேச்சு நடக்கிறதே, மறியல் கூட்டத்திலிருந்தோ நகராட்சியிலிருந்தோ ஒருத்தராவது அவரிடம் போய்க் கேட்டார்களா என்றால் இல்லை. நான் கேட்டேன். "தம்பி, மேல இருக்கற முகத்தையும் தண்ணியையும் விட்டுடச் சொல்லுங்க. அதெல்லாம் இப்ப என் கைக்கு வராது, கண்ணு அப்படி. கீழ போனது போகட்டும், அதை நான் போட்டுத் தரேன். ஆனா பூச்சு காயறதுக்கு முன்னாடி வரையச் சொன்னாங்கன்னா வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்றார்.

முழுசாக அழிக்கவும் வேண்டாம், முழுசாக வைத்திருக்கவும் முடியாது என்பதைப் பெயிண்ட் கடைக்காரன் நான் இவ்வளவு சுற்றிச் சொன்னதை அவர் நாலு வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னபடி செய்வதென்றால் வேலை இப்படிப் போக வேண்டும். முதலில் மொத்தச் சுவரையும் நல்ல வெளிச்சத்தில் பகுதி பகுதியாக ஃபோட்டோ எடுத்து வைப்பது, இதற்கு எந்தத் தீர்மானமும் வேண்டாம், நம் ஸ்டூடியோ ஆட்கள் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடுவார்கள். அடுத்து, சுவருக்குப் பின்னால் போகும் சாக்கடையைச் சரி செய்வது, ஏனென்றால் தண்ணீர் அங்கிருந்துதான் ஊறுகிறது, அதை விட்டுவிட்டு முன்னால் என்ன பூசினாலும் வீண். அப்புறம் கீழ் மூன்றடி, ஓதம் ஏறிய கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைக் கொத்தி, உப்பைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்புக் கலவையில் பூசுவது. கொத்தனார்கள் சிமெண்டுதான் சீக்கிரம் என்பார்கள். சிமெண்டு ஈரத்தை அடைத்து மேலே தள்ளும், நல்லா இருக்கும் முகங்களுக்கு அது நேராகப் போகும், ஒத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு நிதானமாகக் காயும், ஆறு வாரமாவது விடணும். வேலையைத் தை கழிந்து ஆரம்பித்தால் பங்குனி வெயிலில் காய்ந்துவிடும், சித்திரையில் வரையலாம், ஆடிக்கு முடிந்திருக்கும். மழைக்காலத்தில் கான்ட்ராக்ட் விட்டார்கள் என்றால் பணம் செலவழிக்க அவசரப்படுகிறார்கள் என்று அர்த்தம்.

வரைவதற்கு எனாமல் வேண்டாம், வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் போதும், ஈரத்தைக் கொஞ்சமாவது வெளியே விடும். புடவைகளுக்கு மட்டும் வெயில் தாங்கும் சிவப்பு, மஞ்சள் கேட்டு வாங்க வேண்டும், விலை கூடத்தான். மேல் பாதியில் தூசியைப் பஞ்சால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். "பளிச்" என்று இருக்காது, கீழே புதுசு மேலே பழசு என்று ஒட்டுப் போட்டது தெரியும். தெரியட்டும்.

செலவைப் பற்றி நகராட்சி கேட்கும். நாலு வழியில் வெள்ளையடிப்பதுதான் மலிவு, அதை மறுக்கவில்லை. சாக்கடையும் பூச்சும் எப்படியும் அவர்கள் செய்ய வேண்டிய வேலை, ஓவியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்கு மேல் ஆகும் அண்ணன் கூலியையும் பெயிண்டையும் வியாபாரிகள் சங்கம் ஏற்றுக்கொள்ளத் தயார், சாரத்துக்குச் சவுக்குக் கம்பு தருவதாகவும் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

மன்றக் கூட்டத்தில் வைக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் கேட்பது கொஞ்சம்தான். இந்த ஓவியம் நகராட்சியின் சம்மதத்தோடு இருக்கிறது என்று தீர்மான நோட்டில் ஒரு வரி, இத்தனை வருஷமாக அது இல்லாததுதான் இன்றைய வம்புக்கே காரணம். சுவரில் எந்த வேலை செய்வதானாலும் வரைந்தவருக்கும் பஸ் ஸ்டாண்ட் நோட்டீஸ் போர்டிலும் 90 நாள் முன்னறிவிப்பு. தேர்தல் நேரத்தில் இதை அழிக்கும் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று துப்புரவு ஆய்வாளருக்கு எழுத்தில் ஒரு குறிப்பு. மறியல் கூட்டத்து நண்பர்கள் இதில் கையெழுத்துப் போட மாட்டோம், இது சமரசம் என்கிறார்கள். மூன்றடி அளவுக்குச் சமரசம்தான். மனு கடையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போடலாம், அண்ணன் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.